பனியில் மிதித்த கிழங்கு

உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஒரு கிலோ வாங்கினால் ஏறக்குறைய 800 கிராம் தண்ணீருக்குத்தான் காசு கொடுக்கிறோம். வாரத்துக்கு ஒரு நாள் பொரியல் செய்கிற வீட்டில் இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஊர் முழுவதும் கிழங்கையே நம்பி வாழ வேண்டுமென்றால் அந்தத் தண்ணீர்தான் எமன். நெல்லைக் காயவைத்துக் குதிரில் கொட்டிவிட்டால் அடுத்த அறுப்பு வரை நிம்மதி. உருளை அப்படியில்லை. சில மாதங்களில் முளை விடும், சுருங்கும், அழுகும். சுமந்து போவதற்கும் பாரம். அரசன் வரியாக வாங்கிக் களஞ்சியத்தில் அடைத்து வைக்கவும் தோதுப்படாது. பழைய அரசுகளில் பெரும்பாலானவை நெல், கோதுமை, பார்லி, மக்காச்சோளம் என்று ஏதோ ஒரு தானியத்தின் மேல் எழுந்தவை என்கிறார் ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்க அறிஞர். தானியம் குறிப்பிட்ட பருவத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி விளைகிறது. அதை அளக்கலாம், சேமிக்கலாம், பறிக்கலாம். மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் கிழங்கிடம் இந்த வேலை நடக்காது.

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. பெருவுக்கும் பொலிவியாவுக்கும் நடுவே, கடல் மட்டத்திலிருந்து 3,812 மீட்டர் உயரத்தில் டிட்டிகாக்கா ஏரி இருக்கிறது. தொட்டபெட்டாவைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உயரம். அதைச் சுற்றி மலைகளுக்கு இடையே விரிந்து கிடக்கும் மேட்டுச் சமவெளிக்கு அல்திப்லானோ என்று பெயர். ஐமாரா, கெச்சுவா மொழிகளைப் பேசும் உழவர்களின் பூமி இது. உருளைக்கிழங்கை மனிதர் முதன்முதலில் பயிராக்கியது இந்த ஏரியை ஒட்டிய மலைப்பகுதியில்தான். மக்காச்சோளம் இந்தக் குளிரில் அரிதாகவே விளையும். ஆனாலும் ஏரிக்குப் பக்கத்தில் தியவானாக்கு என்ற கல் நகரம் எழுந்து பல நூற்றாண்டுகள் செழித்தது. பின்னால் வந்த இன்காப் பேரரசு மலை வழிச்சாலைகளை ஒட்டி வரிசை வரிசையாகக் களஞ்சியங்களைக் கட்டியது. பெருவின் வானுகோ பம்பா என்ற ஓர் இடத்தில் மட்டும் ஏறக்குறைய 500 களஞ்சியங்களின் இடிபாடுகள் உள்ளன. இன்காக்கள் மக்காச்சோளத்தைப் போற்றியவர்கள் என்பது உண்மை. எனினும் மேட்டு நிலத்துக் குடியானவனின் அன்றாட வயிற்றை நிரப்பியது கிழங்கு. அழுகும் கிழங்கைத் தானியம் போல ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் வித்தை அவன் கையில் இருந்தது. அந்தப் பண்டத்தின் பெயர் சுன்யோ.

அந்த வித்தைக்கு வேண்டியதெல்லாம் அல்திப்லானோவின் மோசமான வானிலைதான். ஏறக்குறைய 3,800 மீட்டரில் காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. காற்று மெலிந்தது, அதில் ஈரமும் இல்லை. பூமி பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் திருப்பி அனுப்பும்போது அதைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியது காற்றிலுள்ள நீராவியும் மேகமும்தான். இரண்டும் இல்லாத ஜூன் மாத இரவில் வெப்பம் தடையில்லாமல் விண்ணுக்குப் போய்விடுகிறது. பகலில் 15 டிகிரி வெயில் அடித்த அதே தரையில் விடிவதற்குள் உறைபனி படர்ந்து, வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரி, சில இரவுகளில் 10 டிகிரி வரை இறங்கும். மறுநாள் காலை மறுபடி கண் கூசும் வெயில். வெப்ப மண்டலத்தில் இருப்பதால் குளிர்காலத்திலும் சூரியன் ஓரளவு உச்சிக்கு வருகிறான். இரவில் உறைவதும் பகலில் உருகுவதுமாக நாள் தவறாமல் நடக்கும் இப்படியொரு ஏற்பாடு உலகில் அதிக இடங்களில் இல்லை.

அறுவடை முடிந்த ஜூன், ஜூலையில் குடும்பங்கள் கிழங்கை மூட்டை கட்டிக்கொண்டு, பனி நன்றாக விழும் சமதரைக்குப் போகிறார்கள். சின்னது சின்னதோடும் பெரியது பெரியதோடும் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்புகிறார்கள். எல்லாம் ஒரே சீராக உறைய வேண்டுமே. மூன்று நான்கு இரவுகள் அப்படியே கிடக்கும். வெயிலில் இளகியதும் சிறு சிறு குவியலாகக் கூட்டி, பெண்களும் ஆண்களும் பிள்ளைகளும் வெறுங்காலோடு ஏறி மிதிப்பார்கள். அழுத்தி நசுக்கிவிடக் கூடாது. குதிகாலை லேசாகத் திருப்பித் திருப்பி மிதிக்க வேண்டும். தோல் கழன்று வரும், காலடியில் நீர் ஓடும். பிறகு மறுபடி பரப்பி ஓரிரு வாரம் வெயிலில் காயவிட்டால், கூழாங்கல் மாதிரி கறுத்து, தட்டினால் ஓசை வரும் சுன்யோ தயார். ஐந்து கிலோ கிழங்கு ஒரு கிலோவாகியிருக்கும். ஈரம் படாமல் வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது.

உள்ளே நடந்தது என்ன? ஃப்ரீசரில் மறந்துபோய் வைத்த தக்காளியை வெளியே எடுத்தால் தொளதொளத்து நீராக ஒழுகுவதைப் பார்த்திருப்போம். அதே கதைதான். மெதுவாக உறையும்போது செல்களுக்கு இடையே உள்ள நீர் முதலில் பனிக்கட்டியாகிறது. அது செல்லுக்குள்ளிருந்தும் நீரை உறிஞ்சி உறிஞ்சிப் பெரிய படிகங்களாக வளர்கிறது. படிகங்களின் முனைகள் செல்சுவர்களைக் கிழிக்கின்றன. உறைந்த காய்கறி விற்கும் தொழிற்சாலைகள் இதைத் தவிர்ப்பதற்காகவே படுவேகமாக உறையவைக்கின்றன. ஐமாரா உழவருக்கு வேண்டியது அந்தக் கிழிசல். சுவர் உடைந்த கிழங்கிலிருந்து கால் அழுத்தத்திலேயே நீர் வெளியேறிவிடுகிறது. உலகின் முதல் ‘உறை-உலர்’ உணவு என்று சுன்யோவைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். கறாராகப் பார்த்தால் அது முழுக்கச் சரியல்ல. விண்வெளி வீரர்களுக்கான உறை-உலர் உணவில் பனிக்கட்டி நீராகாமலே நேராக ஆவியாகிறது. சுன்யோவில் அப்படி ஆவியாவது ஒரு பங்கு இருக்கலாம்; பெரும் வேலையை முடிப்பவை காலும் வெயிலும்தான். பாட்டிகளின் குதிகாலுக்குரிய பெருமையை இயற்பியலுக்குக் கொடுத்துவிட வேண்டியதில்லை.

நிறம் கறுப்பதற்கு, வெட்டிய வாழைக்காய் கறுப்பதற்குச் சொல்லும் காரணமே போதும்: உடைந்த செல்லிலிருந்து வெளிவந்த நொதி காற்றோடு சேர்ந்து வேலை செய்கிறது. இதே கிழங்கு வெள்ளையாக வேண்டுமென்றால் வேறு வழி. உறைந்த கிழங்கை வெயில் படுவதற்கு முன்பே எடுத்து, ஓடும் ஆற்றிலோ ஏரிக்கரையிலோ சாக்கில் கட்டி மூன்று நான்கு வாரம் மூழ்கவைப்பார்கள். காற்று படுவதில்லை, கறுக்கவைக்கும் பொருள்கள் தண்ணீரோடு போய்விடுகின்றன. பிறகு மிதித்துத் தோலெடுத்துக் காயவைத்தால் சுண்ணாம்புக் கட்டி போல வெளுத்த துந்தா கிடைக்கும். பெருவில் புனோ பகுதியின் இலாவே ஆற்றோரம் இதற்குப் பேர்போனது. சந்தையில் துந்தாவுக்கு விலையும் கூடுதல், மரியாதையும் கூடுதல். விருந்துக்குத் துந்தா, அன்றாடத்துக்குக் கறுப்பு.

வெறும் சேமிப்புக்காக மட்டும் இவ்வளவு பாடுபட்டார்கள் என்று நினைத்தால் பாதிக் கதையைத் தவறவிடுவோம். அல்திப்லானோவில் பனி ஜூனில் மட்டும் விழுவதில்லை. பயிர் நிற்கும் பருவத்திலும் திடீரென்று வந்து ஓர் இரவில் வயலைக் கருக்கிவிடும். சாதாரண உருளைச் செடி, பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரியிலேயே மடங்கிவிடுகிறது. அதனால் 4,000 மீட்டரை ஒட்டிய வயல்களில் லுகி என்ற கசப்பு இனங்களை நடுகிறார்கள். பனி தாங்கும் ஒரு காட்டு உருளையும் பயிர் உருளையும் எப்போதோ தாமாகக் கலந்து பிறந்தவை இவை. குரோமோசோம் தொகுதி மூன்றாக அமைந்துவிட்ட இனங்களில் விதையே பிடிக்காது; கிழங்கைப் புதைத்தால்தான் அடுத்த செடி. அதாவது, இன்று நிற்கும் அத்தகைய ஒவ்வொரு லுகிச் செடியும் மனிதக் கை விடாமல் தொடர்ந்து நட்டு வந்த சங்கிலியின் ஒரு கண்ணி. ஒரு தலைமுறை சலித்துப்போய் நிறுத்தியிருந்தால் இனமே போயிருக்கும்.

பனி தாங்கும் குணத்தோடு கசப்பும் வந்து சேர்ந்தது. உருளைக் குடும்பத்துச் செடிகள் பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டச் சுரக்கும் நஞ்சுகள் சொலனின், சகோனின் முதலியவை. கடையில் பச்சை பூத்த உருளையை வாங்க வேண்டாம் என்று சொல்வது இவற்றை அஞ்சித்தான். நூறு கிராம் கிழங்கில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் உண்ணத் தகாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. லுகி அதைத் தாண்டும். வேகவைத்தால் போகாது, சாதாரணச் சமையல் சூடு இந்த நஞ்சை அவ்வளவாக அசைப்பதில்லை. ஆனால் செல் உடைந்து, சாறு பிழியப்பட்டு, ஆற்று நீரில் வாரக்கணக்கில் ஊறினால் நஞ்சின் பெரும்பகுதி நீரோடு போய்விடும். ஆக, பனியில் உறையவைத்து மிதிப்பது சேமிக்கும் வழி மட்டுமில்லை, உண்ண முடியாததை உணவாக்கும் வழியும்கூட. வேறெதுவும் தாக்குப்பிடிக்காத உயரத்தில் விளையும் கிழங்கை, அந்த உயரத்தின் குளிரைக் கொண்டே நஞ்சு நீக்குகிறார்கள். நீரோடு வைட்டமின் சி, புரதம் ஆகியவற்றின் பெரும்பங்கும் போய்விடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிஞ்சுவது பெரும்பாலும் மாவுச்சத்து. பஞ்ச காலத்தில் அதைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை.

நஞ்சை முறிக்கும் இன்னொரு வழி கேட்பதற்கே விநோதமானது: மண். சாக்கோ எனப்படும் ஒருவகை மென்களிமண்ணைத் தண்ணீரில் உப்போடு கரைத்துக் குழம்பு மாதிரி ஆக்கி, வெந்த கிழங்கை அதில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். சந்தைகளில் கட்டி கட்டியாக விற்கிறது. வெளியாட்கள் இதை வறுமையின் அடையாளமாகப் பார்த்தார்கள். 1980-களில் திமொத்தி ஜான்ஸ் என்ற ஆய்வாளர் இந்த மண்ணை ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தார். களிமண் என்பது மிக மெல்லிய ஏடுகளின் அடுக்கு. அந்த ஏடுகளின் பரப்பில் மின்னேற்றம் உண்டு. உருளைக் குடும்பத்து நஞ்சின் மூலக்கூறுகள் அதில் ஒட்டிக்கொண்டு, குடலில் உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடும் என்று அவர் காட்டினார். காட்டு உருளையை மனிதர் முதன்முதலில் உண்ணத் துணிந்ததே இப்படி மண்ணோடு சேர்த்துத்தான் இருக்கலாம் என்பது அவருடைய கருத்து. எனக்கு இது நம்பத்தக்கதாகவே படுகிறது. கசப்பில்லாத கிழங்கைத் தேர்ந்தெடுத்து வளர்க்கத் தலைமுறைகள் ஆகியிருக்கும். அதுவரை எதையாவது தின்றுதானே ஆக வேண்டும்!

அதன்பின் வெள்ளி வந்தது. 1545-இல் பொட்டோசி மலையில் வெள்ளிச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட, ஸ்பானியர் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஆட்களை முறைவைத்துக் கட்டாயமாகப் பிடித்து இறக்கினார்கள். அந்த ஆட்களுக்குச் சோறு சுன்யோ. கெடாதது, கனமில்லாதது, லாமாவின் முதுகில் ஏற்றிவிடலாம். 1553-இல் செவில் நகரில் அச்சான தம் நூலில் சியெசா தெ லியோன் என்ற ஸ்பானிய வரலாற்றாசிரியர், சுன்யோவைப் பொட்டோசிக்குக் கொண்டுபோய் விற்றே பணக்காரர்களாகி ஊர் திரும்பிய ஸ்பானியர்களைப் பற்றி எழுதுகிறார். பஞ்சத்துக்கென்று உழவர் கண்டுபிடித்த பண்டமே அவர்களைச் சுரங்கத்தில் உயிரோடு வைத்து வேலை வாங்கவும் வசதியாகிப் போனது.

மறுபடி உழவர் அடுப்புக்கு வருவோம். அழுத்தம் குறைந்த காற்றில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. டிட்டிகாக்காக் கரையில் ஏறக்குறைய 87 டிகிரியிலேயே கொதி வந்துவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பானையில் அதற்கு மேல் சூடு ஏறாது. கிழங்கு எப்படியோ வெந்துவிடும். காய்ந்த பயறு வேக மணிக்கணக்காகும். மரமே அரிதான நிலம், காய்ந்த சாணம்தான் எரிபொருள். எனவே ஆண்டீஸ் சமையலில் வறுவலுக்கும் சுடுவதற்கும் தனி மதிப்பு. அறுவடை நாளில் வயலிலேயே நடக்கும் வாத்தியா அதன் உச்சம். காய்ந்த மண்கட்டிகளை இடைவெளி விட்டுக் கோபுரமாக அடுக்கி, வாசல் வைத்து, உள்ளே சாணமும் வைக்கோலும் எரிப்பார்கள். கட்டிகள் சிவக்கச் சூடேறியதும் நெருப்பைத் தள்ளிவிட்டு, அப்போது தோண்டிய கிழங்கை உள்ளே கொட்டி, கோபுரத்தை அதன்மேலேயே இடித்துத் தள்ளி, மேலே மண்ணைப் போட்டு மூடுவார்கள். முக்கால் மணி நேரத்தில் கிழங்கு வெந்திருக்கும். பானைத் தண்ணீருக்கு உள்ள 87 டிகிரித் தடை சூடான மண்ணுக்கு இல்லை. அதனால் தோல் முறுகி, கொதிநீரில் ஒருபோதும் வராத சுட்ட மணம் வருகிறது. அன்று வயலில் வேலை செய்த அத்தனை பேரும் அந்த மண் குவியலைச் சுற்றி உட்கார்ந்து, கையால் கிளறி எடுத்து, ஊதி ஊதித் தின்பார்கள். பாத்திரமே தேவையில்லை.

‘அத்தனை பேரும்’ என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த ஊர்களில் தனியாக விவசாயம் செய்வது கிட்டத்தட்ட நடவாத காரியம். ஆய்னி என்பது கைமாற்று வேலை: இன்று நீ என் வயலுக்கு, நாளை நான் உன் வயலுக்கு. மின்கா என்றால் அழைத்தவர் சாப்பாடு போட வேண்டும். இவை நம் ஊர்களுக்குப் புதிதல்ல. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது.

பல ஐமாரா ஊர்களில் ஊர் நிலம் முழுவதும் ஐனோகா எனப்படும் பெரிய பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு. இந்த ஆண்டு இந்தப் பிரிவில் எல்லாரும் உருளை, அடுத்த ஆண்டு அதில் கீனுவாவோ ஓகாக் கிழங்கோ, அதற்கடுத்து பார்லி, பிறகு பல ஆண்டுகள் தரிசு, ஆடும் லாமாவும் மேயலாம். உருளை மறுபடி அதே நிலத்துக்குத் திரும்ப ஏழு ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். எந்தப் பிரிவு எப்போது என்பதை ஊர் கூடித்தான் முடிவு செய்யும். என் துண்டில் நான் நினைத்ததை நடுவேன் என்று யாரும் முறுக்கிக்கொள்ள முடியாது. இந்த நிலத்துக்கு இவ்வளவு ஓய்வு தேவையா, வீணடிப்பு அல்லவா என்று ஒரு காலத்தில் வேளாண் நிபுணர்கள் கேட்டதுண்டு.

விடை கண்ணுக்குத் தெரியாத ஒரு புழுவிடம் இருக்கிறது. உருளையின் வேரைத் தாக்கும் நூற்புழு இனம் ஒன்று ஆண்டீஸிலேயே பிறந்தது. உருளையோடு சேர்ந்தே வளர்ந்தது. பெண் புழு சாகும்போது அதன் உடலே கடுகைவிடச் சிறிய ஒரு கெட்டிக் கூடாகிவிடும். உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகள். அவை மண்ணில் ஆண்டுக்கணக்கில் தூங்கும். பக்கத்தில் உருளை வேர் வளர்ந்து அதன் ரசாயனக் கசிவு எட்டியதும் பெருவாரியாக விழித்துப் பொரிந்து வெளிவரும். உருளை இல்லாத ஒவ்வோர் ஆண்டும் முட்டைகளில் ஒரு பங்கு வீணாகிறது. ஏழெட்டு ஆண்டு விட்டுவிட்டால் மிஞ்சியிருப்பது பயிரைச் சாய்க்கப் போதாது. ஆனால் நடுவில் ஒரே ஒருவர் தம் துண்டில் மட்டும் உருளை போட்டால்? புழு வரப்பு பார்ப்பதில்லை. காலில், கலப்பையில், மழைநீரில் பரவும். ஆகவே தரிசு ஊர்ச் சட்டமானால்தான் பலன், தனியார் விருப்பமானால் பலனில்லை. புழுவைப் பற்றித் தெரியாமலே அதற்கேற்ற சட்டத்தை ஓர் ஊர் எப்படிக் கண்டடைந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்கா கோட்டைகளைவிட இதுதான் பெரிய கட்டுமானமாகத் தோன்றுகிறது.

இதே புழு நமக்கும் உறவு. ஆண்டீஸிலிருந்து உருளை உலகம் சுற்றியபோது அதுவும் ஒட்டிக்கொண்டு கிளம்பியது. 1961-இல் உதகை விஜயநகரம் பகுதியில் அது இந்தியாவிலேயே முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. நீலகிரி விதைக்கிழங்கை வெளிமாநிலங்களுக்கு அனுப்பத் தடை வந்ததற்கு அதுவே காரணம். உதகை முத்தோரையில் உள்ள உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருப்பதும் இதனோடுதான். குஃப்ரி சுவர்ணா என்ற இனம் இதைத் தாங்குவதற்கென்றே உருவாக்கப்பட்டது. கிழங்கு இங்கே வந்தது, புழு வந்தது; ஐனோகா மட்டும் வரவில்லை.

ஒரே குடும்பத்துக்கு ஊரெங்கும் துண்டு துண்டாக நிலம் இருப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பெருவின் குயோ குயோ என்ற ஊரில் கரோல் கோலண்ட் என்ற ஆய்வாளர் 1980-களில் வயல் வயலாக விளைச்சலை அளந்து பார்த்தார். நடந்தே நேரம் போகிறது, சராசரி விளைச்சலும் கொஞ்சம் குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் பனி ஒரு சரிவில் விழும், அடுத்த சரிவைத் தொடாது. ஆலங்கட்டி மழை ஒரு கோட்டில் அடித்துவிட்டுப் போகும். நிலம் ஒரே இடத்தில் இருந்தால் சில ஆண்டுகளில் கொழுத்த விளைச்சல், ஓர் ஆண்டில் பட்டினி. பட்டினி கிடக்கும் அந்த ஓர் ஆண்டில் குடும்பமே அழிந்துவிடும் என்றால் கொழுத்த ஆண்டுகளால் என்ன பயன்? துண்டு துண்டாக வைத்திருப்பவருக்கு எல்லா ஆண்டும் சுமார்தான், ஆனால் எந்த ஆண்டும் பட்டினி இல்லை.

எப்போது நடுவது என்பதற்கு வானத்தைப் பார்ப்பார்கள். ஜூன் 24, புனித யோவான் திருநாளை ஒட்டிய விடியற்காலைகளில், சுன்யோவுக்குப் பனி விழும் அதே நாள்களில், சில ஊர்களில் உழவர்கள் மலையேறிப் போய்க் கிழக்கே எழும் கார்த்திகை மீன் கூட்டத்தைக் கவனிக்கிறார்கள். பளிச்சென்று நிறைய மீன் தெரிந்தால் மழை நன்றாக இருக்கும். மங்கலாகத் தெரிந்தால் மழை பிந்தும், நடவைச் சில வாரங்கள் தள்ளிப்போடு. மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாம்தான். 2000-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் பெஞ்சமின் ஓர்லோவ் என்ற ஆய்வாளரின் குழுவினர் வேறொன்றைக் காட்டினார்கள். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் ஜூன் மாதத்திலேயே வெகு உயரத்தில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய மேகம் கூடுகிறது. அது மங்கலான மீன்களை மறைக்கிறது. அதே எல் நினோதான் பல மாதம் கழித்து அந்த மலைகளில் மழையைக் குறைக்கிறது. பசிபிக் கடலின் சூட்டை அளக்கும் கருவியாக உழவர்கள் நட்சத்திரத்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

இத்தனையும் கடைசியில் ஒரு துணி விரிப்பில் வந்து சேருகிறது. அதற்குப் பெயர் அப்தாபி. ஊர்க்கூட்டம் முடிந்தாலும், வாய்க்கால் வெட்டினாலும், பள்ளியில் விழா என்றாலும், நண்பகலில் பெண்கள் முதுகில் கட்டிவந்த வண்ணத் துணி மூட்டைகளை அவிழ்த்து, துணியோடு துணி ஒட்ட நீளமாக விரிக்கிறார்கள். அதன்மேல் தோலோடு அவித்த உருளை, கறுப்பு சுன்யோ, வெள்ளைத் துந்தா, வெயிலில் வைத்து இனிப்பேற்றிய ஓகா, அவித்த மக்காச்சோளம், அவரை, பாலாடைக்கட்டி, ஏரியில் பிடித்துப் பொரித்த விரல் நீள மீன், காய்ந்த லாமா இறைச்சி எல்லாம் கொட்டப்படும். நடுநடுவே மிளகாயும் தக்காளியும் சேர்த்துக் கல்லில் அரைத்த லஹ்வாத் துவையல். தட்டு கிடையாது, கரண்டி கிடையாது. உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டியதைக் கையால் எடுத்துத் துவையலில் தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான். யார் கொண்டுவந்தது எது என்பது கொட்டிய ஐந்தாவது நிமிடமே தெரியாமல் போய்விடும். இளைத்த குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய மரியாதை என்பதை அருகில் இருந்து யோசித்தால்தான் புரியும். ஒரு கைப்பிடி சுன்யோவோடு வந்தவரும் மீனும் இறைச்சியும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

என் பார்வையில் இது துண்டு வயல்களின் தொடர்ச்சி. இவருடைய மேட்டு வயல் லுகியும், அவருடைய ஏரிக்கரை அவரையும், மூன்றாமவர் பள்ளத்தாக்கில் பண்டமாற்றாக வாங்கிவந்த மக்காச்சோளமும் ஒரே விரிப்பில் கலக்கும்போது, அந்த ஆண்டு பனி யாரை அடித்தது யாரை விட்டது என்பது பந்தியில் அழிந்துவிடுகிறது. இப்படிச் சொல்வதால் எல்லாரும் ஒற்றுமையாக வாழும் சொர்க்கம் அது என்று எண்ணிவிடக் கூடாது. நிலத் தகராறு உண்டு, பகை உண்டு. பிள்ளைகள் படித்ததும் லா பாஸ், எல் ஆல்டோ நகரங்களுக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள்.

நகரத்து அப்தாபிகளில் இப்போது சோறும் நூடுல்ஸும் பொரித்த கோழியும் வந்து உட்கார்ந்துவிட்டன. சிலருக்கு வருத்தம். எனக்கு அதில் பெரிய கவலையில்லை. விரிப்பில் இருக்கும் அந்த அவரையும் பாலாடைக்கட்டியும் வயலில் விளையும் பார்லியும் ஸ்பானியரோடு வந்தவைதானே. நானூறு ஆண்டில் அவை பாட்டி கைப் பண்டங்களாகிவிடவில்லையா! சுன்யோவுக்கு உண்மையான இடைஞ்சல் வேறு திசையில் இருந்து வருகிறது. அதற்குப் பனி விழும் இரவுகள் தொடர்ச்சியாக மூன்றாவது வேண்டும். பரப்பிவைத்த கிழங்கின்மேல் பனி விழாமல் போனால் அது வெயிலில் பச்சை பூத்து வீணாகும். வெப்பம் கூடக் கூட, பெருவில் பீசாக் ஊருக்கு மேலே உள்ள உருளைக்கிழங்குப் பூங்காவின் உழவர்கள் தங்கள் வயல்களை முன்பைவிட உயரத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் இனங்களைக் காக்கும் ஊர்கள் அவை; புதுமணப் பெண்ணின் பொறுமையைச் சோதிக்க மாமியார் உரிக்கக் கொடுக்கும் முடிச்சு முடிச்சான கிழங்கும் அவற்றில் ஒன்று. லிமாவில் உள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தோடு சேர்ந்து 2015-இல் அந்த இனங்களின் விதைகளை நார்வேயின் ஸ்வால்பார்டு விதைக் காப்பகத்துக்கு அனுப்பிவைத்தார்கள். விதை அங்கே உறைந்து பத்திரமாக இருக்கும். நடுவதற்கான நிலம் மேலே போகப் போகச் சுருங்குகிறது. வயல் ஏறும் இடமெல்லாம் இதுவரை அல்பாக்கா மேய்ந்த புல்வெளி. அதை உழலாமா, எவ்வளவு உழலாம், மேய்ச்சலுக்கு எதை விடுவது என்பதுதான் இப்போது ஊர்க்கூட்டங்களில் பேச்சு.